புரட்டாசியில் அவித்த முட்டை

எங்கள் வீட்டில் கார் நிறுத்தும் அறையின் மூலையில், பெயின்ட் டப்பாக்களுக்கும் மகனின் பழைய சைக்கிளுக்கும் நடுவே, ஒற்றை கேஸ் அடுப்பு ஒன்று இருக்கிறது. அதன்மேல் கைப்பிடி கழன்ற அலுமினியச் சட்டி. குளிர்காலம் முழுவதும் இரண்டுக்கும் வேலை இல்லை. புரட்டாசி பிறந்துவிட்டால் வாரத்தில் ஒரு நாள், பொழுது விடியுமுன் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவளைப் போல நான் அங்கே முட்டை அவிக்கிறேன்.

இவ்வளவு ஒளிவு எதற்கு என்று கேட்பவர்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் தமிழர்களின் புரட்டாசியைப் பார்த்திருக்க மாட்டார்கள். இங்கே ‘புர்டாசி’ என்றுதான் சொல்வார்கள். நான் காரைக்குடிப் பக்கத்துக்காரி. எங்கள் வீட்டில் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கறி கிடையாது. மற்ற நாட்களில் அவரவர் விருப்பம். 2009-இல் திருமணமாகி இங்கே வந்த ஆண்டு, செப்டம்பர் நடுவில் ஒரு காலை, அத்தை சமையலறையையே கவிழ்த்துப் போட்டுக் கழுவினார். மீன் சட்டி, கறிச் சட்டி, முட்டை பொரிக்கும் வாணலி என்று ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றிப் பரண்மேல் ஏற்றினார். குளிர்பதனப் பெட்டி துடைத்துக் காலியாக்கப்பட்டது. 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பல் மதராஸிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை டர்பனில் இறக்கியது. கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகள் இன்று வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். என் அத்தைக்கே தமிழில் சேர்ந்தாற்போல் நான்கு வாக்கியம் வராது. ஆங்கிலத்துக்கு நடுவே தமிழ்ச் சொற்களைப் பருப்பில் கடுகு போலத் தாளித்துக்கொள்வார். ஆனால் புரட்டாசி மாதம் முப்பது நாளும் பிசகாது. முட்டையின் நிழல்கூட வீட்டுக்குள் விழக்கூடாது.

இதில் ஒரு சிக்கல். பூமத்திய ரேகைக்குத் தெற்கே வந்த தமிழ் மாதங்கள் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பருவத்தை மாற்றிக்கொண்டுவிட்டன. இங்கே புரட்டாசி என்றால் வசந்தம். குளிர் விலகி, முதல் மழை இறங்கி, சாலையோரப் புல் கதிர் விடும் நேரம். வராந்தாக் கூண்டில் இருக்கும் என் ஃபிஞ்ச் குருவிகள் தேங்காய் நாரை வாயில் கவ்விக்கொண்டு பெட்டி பெட்டியாக அலைவதும் அப்போதுதான். வீட்டார் முட்டையை விடும் மாதமும் குருவிகளுக்கு முட்டை மிகவும் தேவைப்படும் மாதமும் ஒன்றாக வந்து நிற்கின்றன.

குருவிகள் வந்தது 2021-இல். மகன் நாய் கேட்டான். பேரம் பேசிப் பேசி ஒரு ஜோடி சீப்ரா ஃபிஞ்சில் வந்து முடிந்தது. இப்போது மூன்று ஜோடி. ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பறவை இது. எடை 12 கிராம், மிஞ்சிப்போனால் 15. ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டும் மார்பில் வரிகளும் உண்டு. பாடுவதும் ஆண் மட்டுமே. நம் நெல்வயல்களில் கூட்டமாக வந்து இறங்குமே சில்லை, அதன் குடும்பம்தான். டர்பன் தோட்டங்களிலும் பழுப்புத் தலையும் வெண்கல மினுக்குமாக ஒரு சின்னஞ்சிறு சில்லை இருக்கிறது. என் கூண்டிலிருந்து சிந்தும் தானியத்துக்காக அவை ஏழெட்டாகச் சேர்ந்து வரும். அவற்றின் எச்சம் கூண்டுக்குள் விழாதபடி கூரைக்குத் தகடு போட்டிருக்கிறேன்.

கடையில் முதல்முறை தானியம் வாங்கியபோது கடைக்காரர் ‘மன்னா’ என்று ஒரு பையைக் காட்டினார். பிரித்துப் பார்த்தால் தினை! வள்ளி பரண்மேல் நின்று ஆலோலம் பாடிக் குருவிகளை விரட்டிக் காத்த அதே தினையை, காசு கொடுத்து வாங்கிக் குருவிகளுக்கே போடுகிறேன். அத்தையிடம் சொன்னபோது, “முருகனுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார்” என்றார். சிரித்தாரா இல்லையா என்று அவர் முகத்தில் கண்டுபிடிக்க முடியாது.

தினையும் பனிவரகும் வளர்ந்த குருவிக்குப் போதும். குஞ்சுக்குப் போதாது. ஓட்டை உடைத்து வெளியே வரும் சீப்ரா ஃபிஞ்ச் குஞ்சு ஒரு கிராம்கூட இருக்காது. ஊறிய உளுந்துக்கு ஒரு வாய் ஒட்டவைத்தது போல இருக்கும். அது மூன்று வாரத்துக்குள் இறகு முளைத்து, கிட்டத்தட்டத் தாயின் எடையை எட்டிக் கூட்டைவிட்டு வெளியே வந்தாக வேண்டும். பத்து மடங்குக்கு மேல் வளர்ச்சி. தானியத்தில் புரதம் உண்டு, ஆனால் லைசின் போன்ற சில அமினோ அமிலங்கள் குறைவு. கோழி முட்டையில் அந்தக் குறை இல்லை. யோசித்துப் பார்த்தால், ஒரு பறவையை ஒன்றுமில்லாததிலிருந்து உருவாக்கத் தேவையான அத்தனையும் அடைத்து மூடிய பொட்டலம்தானே முட்டை? குஞ்சுக்கு அதைவிடப் பொருத்தமான தீனி எங்கே கிடைக்கும்? பலர் இதைக் கேட்டு முகம் சுளிக்கிறார்கள்: பறவைக்கே பறவை முட்டையா என்று. குருவிகளுக்கு அந்தச் சங்கடம் இல்லை.

முதல் புரட்டாசியில் நடந்த வழக்கைச் சொல்லிவிடுகிறேன். அடுப்பில் முட்டை வைக்கப் போனேன். அத்தை தடுத்தார். “இது நமக்கில்லை அத்தை, குருவிக்கு. குருவிக்குப் புரட்டாசி தெரியுமா?” என்றேன். கெட்டிக்காரத்தனமாகக் கேட்டுவிட்டதாக எனக்கு நினைப்பு.

“குருவிக்குத் தெரியாது. சட்டிக்குத் தெரியும்” என்றார் அத்தை.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றே கார் அறைக்கு அடுப்பு போயிற்று. போகிற போக்கில் அவர் இன்னொன்றும் சொன்னார்: “அவைகளும் கொஞ்ச நாள் விரதம் இருந்தால் நல்லதுதானே?” அப்போது அதைக் கேட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் விலை கொடுத்தேன். அதற்கு வருகிறேன்.

முதல் ஈடு பொரித்தது 2022 ஜனவரியில். ஐந்து குஞ்சுகள். சின்ன வயதில் அணில்குஞ்சுக்குப் பாலில் நனைத்த ரொட்டி கொடுத்த பழக்கத்தில், அவித்த முட்டையை மசித்து, பாலில் ஊறிய ரொட்டியோடு பிசைந்து, கிண்ணம் நிறைய வைத்தேன். காலை ஏழு மணிக்கு வைத்தது மாலை ஐந்து மணி வரை அப்படியே இருந்தது. ஜனவரியில் டர்பன் எப்படியிருக்கும் என்று நாகப்பட்டினத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடற்காற்றே வியர்த்துக்கொண்டு வரும். மூன்றாம் நாள் கிண்ணத்தை முகர்ந்தபோது புளித்த நெடி. ஆறாம் நாளுக்குள் மூன்று குஞ்சுகள் போய்விட்டன. மகன் மண்ணைத் தோண்டிப் புதைத்துவிட்டு வந்து என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

நான்கு தெரு தள்ளி, நாற்பது ஆண்டாகப் பறவை வளர்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். டர்பனில் நாங்கள் இருக்கும் சாட்ஸ்வர்த் பகுதியில் எல்லாரும் ‘அங்கிள்’ என்றே அழைப்பார்கள். என் கிண்ணத்தில் மீந்திருந்ததை எடுத்து இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தார். “ரொட்டி சுட மாவு பிசைந்திருக்கிறாய்” என்றார். பால் ஏன் ஊற்றினாய் என்று கேட்டார். பறவைகள் பாலூட்டிகள் இல்லை. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் வசதி அவற்றின் வயிற்றில் இல்லை. புறா போன்ற சில பறவைகள் தொண்டைப்பையில் ஒருவகைப் பால் சுரந்து குஞ்சுக்கு ஊட்டும். ஃபிஞ்ச் அப்படியில்லை. தான் தின்றதை மேலே கொண்டுவந்து அப்படியே குஞ்சின் வாயில் இறக்கிவிடும். ஆகவே தாயின் கிண்ணத்தில் எது கெட்டாலும் அரைமணி நேரத்தில் குஞ்சின் வயிற்றில் அது இருக்கும். அன்று அங்கிள் வேறு எந்தச் செய்முறையும் சொல்லித் தரவில்லை. “கொஞ்சமாக வை, உலர்வாக வை, சீக்கிரம் எடு.” அவ்வளவுதான். நான் அதற்குமேல் கற்றுக்கொண்டதெல்லாம் இந்த மூன்றுக்கும் உரைதான்.

உலர்வு என்றால் எவ்வளவு உலர்வு? இந்த இடத்தில்தான் தமிழ்நாட்டுச் சமையலறை கைகொடுத்தது. புட்டுக்கு மாவு பிசிறும்போது பாட்டி சொல்வார்: பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும். குருவித் தீனிக்கும் அதே பதம். உள்ளங்கையில் ஒட்டினால் ஈரம் மிகுதி; ஊதினால் பறந்தால் உலர்வு மிகுதி. ஃபிஞ்சின் அலகு விதையைப் பொறுக்கி உமி நீக்குவதற்காக அமைந்தது. களியை அதனால் அள்ள முடியாது. அலகிலும் நாசித் துளையிலும் அப்பிக்கொள்ளும். உதிரியாக இருந்தால் விதை என்றே நினைத்துக் கொத்திக்கொள்கிறது.

இப்போது நான் செய்யும் விதம் இது. இரண்டு முட்டையைக் குளிர்ந்த நீரில் போட்டு அடுப்பேற்றி, கொதி வந்தபின் பதினைந்து நிமிடம் விடுவேன். மனிதர்களுக்கென்றால் அது அதிகம். மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் கட்டிவிடும். இரும்பும் கந்தகமும் சேர்ந்து உண்டாகும் நிறம் அது, கெடுதல் கிடையாது. குருவிக்கு அழகு முக்கியமில்லை, கிருமி சாவதுதான் முக்கியம். அரைவேக்காடும் பச்சை முட்டையும் ஆகவே ஆகாது: சால்மோனெல்லா ஒரு பக்கம், பச்சை வெள்ளைக்கருவில் இருக்கும் அவிடின் என்ற புரதம் பயோட்டின் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்வது இன்னொரு பக்கம். வேகவைத்தால் அது அடங்கிவிடும்.

முட்டை ஆறியதும் ஓட்டை உரித்து எடுத்து வைப்பேன். ஓட்டை எறியலாமா என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். ஒரு கோழி முட்டையின் ஓட்டில் சுமார் இரண்டு கிராம் கால்சியம் இருக்கிறது. கடையில் கணவாய் ஓடும் கால்சியத் தூளும் விற்கிறார்கள், நானும் வாங்குகிறேன். ஆனால் கையில் வந்ததைக் குப்பையில் போட்டுவிட்டுக் கடைக்கு ஓடுவானேன்? ஓட்டைத் தனியாக எடுத்து, அடுப்புச் சூட்டில் காயவைத்து, ரவை அளவுக்குச் சின்ன உரலில் இடித்துச் சேர்ப்பேன். கூரான சில்லு இருக்கக் கூடாது. கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். மஞ்சள் கருவில் அது ஓரளவு உண்டு, மீதியைக் காலை வெயில் கொடுக்கும். அதனால் கூண்டு வராந்தாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. கண்ணாடி வழியே வரும் வெயில் இதற்கு உதவாது.

கருவை எப்படி உதிர்ப்பது என்பதில் நான் பட்ட பாடு தனி. மிக்ஸியில் போட்டால் கொழுப்பு கசிந்து விழுதாகிவிடுகிறது. முள்கரண்டியால் மசித்தால் வெள்ளைக்கரு கட்டி கட்டியாக நிற்கும். குருவி மஞ்சளை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, புரதம் மிகுந்த வெள்ளையைத் தள்ளிவிடும். ஒரு நாள் அறிவு சுடர்விட்டது: முறுக்கு உரல்! தேன்குழல் அச்சில் அவித்த முட்டையைப் போட்டுப் பிழிந்தால் இழை இழையாக வந்து, தொட்டால் உதிர்கிறது. அழகென்றால் அப்படியொரு அழகு. அந்த உரல் என் அம்மா சீராகக் கொடுத்தது, என் பொருள். ஆனால் புரட்டாசி முடிந்து அடுத்து வருவது தீபாவளி. டர்பனில் ‘முர்க்கு’ இல்லாத தீபாவளி கிடையாது. முட்டை தொட்ட உரலை அத்தை கண்டுபிடித்த நாளைப் பற்றி விரிவாக எழுத எனக்குத் தைரியம் இல்லை. புதிய உரல் வாங்கிக் கொடுத்தேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பழையது இப்போது கார் அறையில்.

உதிர்த்த முட்டையோடு காய்ந்த ரொட்டித் தூள் சேர வேண்டும். பழுப்பு ரொட்டியைத் துண்டாக்கி, அடுப்பில் ஈரம் முழுவதும் போகக் காயவைத்து, பொடித்து, சல்லடையில் சலித்து வைத்துக்கொள்வேன். இரண்டு முட்டைக்கு ஐந்தாறு மேசைக்கரண்டி பிடிக்கும். எண்ணிப் போடுவதில்லை, கை சொல்லும்போது நிறுத்துவேன். தூளின் வேலை முட்டையின் ஈரத்தை உறிஞ்சுவது. சத்து அதன்மூலம் வருவதில்லை. ரொட்டியில் உப்பு இருக்குமே என்ற கவலை சரியானதே. 2016 முதல் ரொட்டியில் உப்பின் அளவுக்கு இந்த நாட்டில் சட்ட வரம்பு உண்டு; இருந்தாலும் தீனி ரொட்டித் தூளாகவும் முட்டை அதில் வாசனைக்காகவும் ஆகிவிடக் கூடாது. பிஸ்கட், இனிப்பு ரஸ்க் வகைகள் வேண்டாம். கடையில் டப்பாவில் வரும் முட்டைத் தீனியைக் குறை சொல்ல மாட்டேன். ஊருக்குப் போகும் வாரங்களில் அதுதான் துணை. ஆனால் பட்டியலைப் படித்தால் முதலில் நிற்பது பேக்கரிப் பொருள், முட்டை பின்னால் எங்கோ வரும். விலையோ நம் வீட்டு முட்டையை நினைத்துப் பெருமூச்சு விடவைக்கும்.

பச்சைக்கு முருங்கை. டர்பனில் தமிழர் வீட்டுக் கொல்லையில் முருங்கையும் கறிவேப்பிலையும் நிற்கும். நிழலில் உலர்த்திப் பொடித்த முருங்கையிலை ஒரு சிட்டிகை. சில நாள் துருவிப் பிழிந்த கேரட். பிழியாமல் போட்டால் பதம் போய்விடும். பசலை வகைக் கீரையை நான் தவிர்க்கிறேன். அதிலுள்ள ஆக்ஸாலிக் அமிலம், கஷ்டப்பட்டு இடித்துச் சேர்த்த கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். எங்கள் பக்கத்து வீட்டு மரத்தில் அவகாடோ காய்த்துத் தொங்கும். மனிதருக்கு அமிர்தம், பறவைக்கு நஞ்சு. நல்லதென்று நினைத்து ஒரு துண்டுகூடக் கூண்டில் வைத்துவிடாதீர்கள். ஒட்டாத பூச்சுப் பாத்திரத்தை அடுப்பில் காயவிட்டு மறந்தாலும் அதன் புகை கூண்டுப் பறவைகளைக் கொன்றுவிடும். அதனால்தான் கைப்பிடி கழன்றாலும் அலுமினியச் சட்டியை விடவில்லை.

முதலில் குருவிகள் இதைத் தொடவே இல்லை. புதிய உணவைக் கண்டால் ஃபிஞ்ச் பாம்பைக் கண்டது போல் ஒதுங்கும். பத்து நாள் வைத்து வைத்து எடுத்தேன். பிறகு மேலே சிறிது தினை தூவி வைத்தேன். தினையைப் பொறுக்கும்போது மஞ்சள் துணுக்கு ஒன்று அலகில் சிக்கியது. அவ்வளவுதான், பழகிவிட்டது. குஞ்சு பொரிக்கும் வரை காத்திருந்து பிறகு அறிமுகம் செய்தால் காலம் கடந்துவிடும். சீப்ரா ஃபிஞ்ச் அடைகாப்பது சுமார் இரண்டு வாரம்; முட்டையிடுவதற்கு முன்பே தாய்க்கும் தந்தைக்கும் சுவை தெரிந்திருக்க வேண்டும்.

குஞ்சுகள் இல்லாதபோது ஒரு ஜோடிக்கு அரைத் தேக்கரண்டி. குஞ்சு இருந்தால் காலை, மதியம், மாலை என மூன்று முறை, ஒவ்வொரு முறையும் தீர்கிற அளவு. கோடையில் இரண்டு மணி நேரத்துக்குமேல் கிண்ணம் கூண்டில் இருப்பதில்லை. தின்றாலும் தின்னாவிட்டாலும் எடுத்து, கிண்ணத்தை வெந்நீரில் கழுவிக் காயவைத்துவிடுவேன். குஞ்சின் கழுத்தோரத்துத் தோல் கண்ணாடி போல மெல்லியது. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தால் தொண்டைப்பை தெரியும். முன்பு அதில் தினை மணிகள் மட்டும் தெரியும். இப்போது மஞ்சளாக உப்பியிருக்கும். சாயங்காலம் அந்த மஞ்சளைப் பார்த்துவிட்டுத்தான் நான் இரவுச் சமையலுக்குப் போவேன்.

நடுவில் குரங்குகளைச் சொல்ல மறந்துவிட்டேன். சாட்ஸ்வர்த்தில் வெர்வெட் குரங்குகள் அண்டை வீட்டாரைப் போல வந்துபோகும். ஆறட்டும் என்று ஜன்னல் திட்டில் வைத்த இரண்டு முட்டையை ஒன்று எடுத்துக்கொண்டு மதில்மேல் உட்கார்ந்து, என்னைப் பார்த்துக்கொண்டே ஓடு உரித்துத் தின்றது. அத்தை சமையலறை வாசலில் நின்று அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அனுமாருக்குப் புரட்டாசி இல்லையா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

இனி அந்தச் சிரிப்பின் விலை. சீப்ரா ஃபிஞ்ச் வறட்சி நிலத்துப் பறவை என்றேன். அங்கே மழை எப்போது வரும் என்று நிச்சயம் இல்லை. வந்ததும் புல் கதிர் விடும். உடனே அவை இனப்பெருக்கத்தில் இறங்கிவிடும். உணவு செழித்தால் முட்டையிடு: அதன் உடலுக்குத் தெரிந்த கட்டளை அது ஒன்றுதான். நான் 2022-இல் குஞ்சு வளர்ந்த பிறகும் தினமும் முட்டைத் தீனி வைத்துக்கொண்டே இருந்தேன். கூட்டுப் பெட்டியையும் எடுக்கவில்லை. அது சாப்பிடுவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. வேறு காரணம் இல்லை. பெட்டையின் கணக்கில் அது முடிவில்லாத மழைக்காலம். ஈடுமேல் ஈடாக இட்டது. ஒரு முட்டை ஏறக்குறைய ஒரு கிராம். ஐந்து முட்டை என்றால் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். தீனியில் கிடைக்காத கால்சியத்தைத் தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டும்.

ஜூன் மாதத்து விடியலில் அது கூண்டின் தரையில் இறகை உப்பிக்கொண்டு, கண் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. முட்டை அடைப்பு: இட வேண்டிய முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்வது. சிறு பெட்டியில் துணி விரித்து, வெந்நீர் போத்தலைப் பக்கத்தில் அணைத்து வைத்து, கதகதப்பாகக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். கால்சியம் கொடுத்தார். அன்றிரவு அத்தை தூங்கவில்லை. எழுந்து எழுந்து போத்தலில் நீரை மாற்றினார். மறுநாள் காலை ஓடு கெட்டிப்படாத, தோல் போன்ற ஒரு முட்டை பெட்டியில் கிடந்தது, பெட்டை பிழைத்துக்கொண்டது. மருத்துவர் என்ன சொன்னார் என்று அத்தை கேட்டார். ஓய்வு வேண்டுமாம், ஆறு மாதம் வெறும் தானியம் போதுமாம், முட்டைத் தீனியை நிறுத்த வேண்டுமாம் என்றேன்.

“நான் சொன்னபோது சிரித்தாய்” என்றார்.

அத்தைக்கு மாதம்தான் தவறிவிட்டது; மற்றபடி சொன்னது சரி. என் குருவிகளின் விரதம் ஏப்ரலில் தொடங்கி ஆகஸ்டில் முடிகிறது. கூட்டுப் பெட்டியைக் கழற்றிவிடுவேன். தானியம், கணவாய் ஓடு, கொஞ்சம் கீரை. முட்டைத் தீனி பத்து நாளுக்கு ஒருமுறை, சுவை மறக்காமல் இருக்க ஒரு சிட்டிகை. செப்டம்பரில் பெட்டி திரும்பவும் ஏறும். இரண்டு ஈடு, அபூர்வமாக மூன்று. அதற்குமேல் ஆணையும் பெட்டையையும் பிரித்துவிடுவேன்.

2023 புரட்டாசி வேறு மாதிரி வந்தது. எச்7என்6 பறவைக் காய்ச்சல் ஜோகன்னஸ்பர்க் பக்கத்துப் பண்ணைகளில் பரவி, முட்டையிடும் கோழிகளை லட்சக்கணக்கில் அழிக்க நேர்ந்தது. நாடு முழுவதும் முட்டைத் தட்டுப்பாடு. கடைகளில் ஒருவருக்கு இத்தனைதான் என்று அட்டை எழுதி வைத்தார்கள். மின்வெட்டும் அந்த ஆண்டுதான் உச்சம். அதுவரை ஒரு வாரத்துக்கான தீனியைச் செய்து, ஐஸ் தட்டின் குழிகளில் அடைத்து உறையவைத்திருப்பேன். ஒரு குழி ஒரு வேளை. உதிர்க்காத வெள்ளைக்கரு உறைந்தால் ரப்பராகிவிடும், தூளோடு கலந்து உறையவைத்தால் கெடுவதில்லை. மின்சாரம் ஒரு நாளில் மூன்று தடவை போனால் தட்டு உருகி மீண்டும் உறையும். அப்படி ஒருமுறை உருகியதைக் குப்பையில்தான் போட வேண்டும். மூன்று குஞ்சுகளைப் புதைத்தவளுக்கு அதில் தயக்கம் இல்லை. ஆனால் முட்டை கிடைக்காத மாதத்தில் எறிவது வயிற்றெரிச்சல்.

நெற்றியில் திருநீற்றோடு முட்டைக்கு வரிசையில் நின்றேன். எனக்கு இரண்டு பேர் முன்னால், வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் பார்க்கும் அம்மாள் ஒருவர். என் கூடையை ஒருமுறை பார்த்தார். என் நெற்றியை ஒருமுறை பார்த்தார். “குருவிக்கு, ஆன்ட்டி” என்றேன். “ஓ, குருவிக்கா” என்றார். அந்த ‘ஓ’ வின் நீளம் இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்த வாரம் முட்டையே இல்லை. பெட்டியில் நான்கு குஞ்சுகள், வயது எட்டு நாள். அங்கிளிடம் ஓடினேன். அவர் கலவரப்படவில்லை. “ஆஸ்திரேலியாவில் இவற்றுக்கு யார் முட்டை அவித்துக் கொடுக்கிறார்கள்?” என்றார். நியாயமான கேள்வி. பூச்சி இல்லாமல் குஞ்சு வளர்க்காத ஃபிஞ்ச் வகைகள் உண்டு. முதல் மழைக்குப் பிறகு இங்கே ஈசல் கிளம்பும்போது அவை கொண்டாடும். சீப்ரா ஃபிஞ்ச் காட்டில் குஞ்சுக்கு ஊட்டுவது பெரும்பாலும் பால்பிடித்த, பாதி முற்றிய புல்விதை. டர்பனில் சாலையோரம் முழுவதும் கினியாப் புல் ஆளுயரத்துக்கு நிற்கிறது. மருந்து அடிக்காத இடமாகப் பார்த்து, விடியலில் கதிர்களை ஒடித்து வந்து, கழுவிக் கூண்டில் கட்டித் தொங்கவிட்டேன். கூடவே முளைகட்டிய தினை. முளைகட்டுவதை யாரும் தமிழச்சிக்குச் சொல்லித் தர வேண்டாம்: எட்டு மணி நேரம் ஊறல், துணியில் முடிச்சு, மூன்று வேளை அலசல், வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் எடுத்துவிடுவது. பூஞ்சை வாடை லேசாக வந்தாலும் எறிந்துவிட வேண்டும்.

இந்த முடிச்சுத் துணியைப் பார்த்ததும் அத்தைக்கு உற்சாகம் வந்துவிட்டது. முட்டை இல்லாத தீனி! அவரே அலசினார், சமையலறையில், தன் கிண்ணத்தில். பன்னிரண்டு நாள் அப்படியே போயிற்று. நான்கு குஞ்சும் தப்பின. வளர்ச்சி முட்டைத் தீனிக் குஞ்சுகளைவிடச் சற்று மெதுவாகத்தான் இருந்தது. கூட்டைவிட்டு வெளிவர இருபத்திரண்டு நாள் ஆயிற்று. முட்டை திரும்பக் கிடைத்ததும் நான் பழையபடி கார் அறைக்குப் போனேன். ஆனால் அன்று முதல் முளைத்தினையும் புல்கதிரும் பாதி, முட்டைத் தீனி பாதி. இப்போது மூன்று ஜோடிக்கும் வாரத்துக்கு இரண்டு முட்டை போதுகிறது.

இந்த ஆண்டு கடைசிக் குஞ்சுகள் மார்ச் இறுதியில் தனியாகத் தின்னத் தொடங்கின. கூட்டுப் பெட்டிகளைக் கழற்றி வெந்நீரில் கழுவி வெயிலில் வைத்தேன். ஐஸ் தட்டைக் காலி செய்தேன். கார் அறைக்குப் போனால் அடுப்பில் சட்டியைக் காணோம். அத்தை தரையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கைப்பிடி கழன்ற சட்டியையும் பழைய முறுக்கு உரலையும் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். மீன் சட்டியைச் சுற்றுகிற அதே மடிப்பு.

“செப்டம்பர் வரைக்குமா?” என்று கேட்டார்.

“பத்து நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் வேண்டும், அத்தை.”

நிமிர்ந்து பார்த்தார். சுற்றியதைப் பிரிக்கவில்லை. “அதற்கு உள்ளே வந்து அவித்துக்கொள். இப்போது புரட்டாசியா என்ன?” என்று சொல்லிவிட்டு நூலைக் கேட்டார்.